ஜுருவின் எல்லை எது?



ஊரைப் பற்றிய பாடம் நடத்தும்போது மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "டீச்சர், நம்ம ஊர்ல எத்தனை பேர் இருக்காங்க?" கோலாலம்பூருக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் இதற்கு உடனே விடை கூறிவிடலாம். ஜுருவுக்கு அவ்வாறு கூற இயலாது. ஏன் இயலாது என்று ஆராயப் புகுந்தால், ஊரின் நிலவியலும் வரலாறும் மட்டுமன்றி, நம் தமிழ்ப்பள்ளிகளின் எதிர்காலமும் அக்கேள்விக்குள் அடங்கியிருப்பதைக் காணலாம். அதனை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நிலவியலைப் பார்ப்போம். பினாங்கு என்றவுடன் வெளியூர் அன்பர்கள் தீவையும் ஜார்ஜ் டவுனையும் மட்டுமே நினைக்கின்றனர். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பினாங்கு மாநிலத்தில் சுமார் 17 இலட்சத்து 40 ஆயிரம் பேர் வாழ்கின்றனர். அவர்களுள் ஏறத்தாழ 9 இலட்சத்து 46 ஆயிரம் பேர் தீவில் இல்லை. பெருநிலத்தில், செபராங் பிறையில் இருக்கின்றனர். நிலப்பரப்பிலும் செபராங் பிறை தீவைப்போல் இரு மடங்குக்கும் மேற்பட்டது. 'செபராங்' என்னும் மலாய்ச் சொல்லுக்கு மறுகரை என்று பொருள். மாநில மக்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் வாழும் பகுதிக்கு 'மறுகரை' என்று பெயர்!

அம்மறுகரையில், மத்திய செபராங் பிறை மாவட்டத்தில் இருக்கிறது ஜுரு. வடக்கே பிறைத் தொழிற்பேட்டை, கிழக்கே புக்கிட் மெர்தாஜம், தெற்கே சிம்பாங் அம்பாட், மேற்கே கடல். ஊருக்குப் பெயர் கொடுத்த ஜுரு ஆறு, கிழக்கிலிருந்து வரும் பல சிற்றாறுகளைச் சேர்த்துக்கொண்டு மேற்கு நோக்கி ஓடிக் கடலில் கலக்கிறது. அச்சிற்றாறுகளுள் ஒன்றின் பெயர் கிலாங் ஊபி. 'கிழங்கு ஆலை' என்பது அதன் பொருள். ஆற்றின் பெயரிலேயே ஒரு பழைய தொழில் மறைந்திருக்கிறது. இத்தகைய பெயர்களை மாணவர்களிடம் கூறி, "இங்கே முன்பு என்ன இருந்திருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பறை உடனே விழித்துக்கொள்ளும்.

ஆறு கடலோடு சேருமிடம் கோலா ஜுரு. அது மலாய் மீனவர்களின் சிற்றூர். 1970களில் பிறைத் தொழிற்பேட்டை வளர்ந்தபோது கழிவுநீரால் ஆறு கெட்டது. மீனும் சிப்பியும் குறைந்தன. மீனவர்களின் வாழ்வாதாரம் ஆட்டங்கண்டது. அவர்கள் ஊரைவிட்டு ஓடவில்லை. பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தின் துணையோடு தங்கள் குறையை நாடறியச் செய்தனர். கூட்டுறவு அமைத்துச் சிப்பி வளர்ப்பில் ஈடுபட்டனர். மலேசியச் சுற்றுச்சூழல் வரலாற்றில் கோலா ஜுருவுக்கு இன்றும் இடமுண்டு. ஒரு சிற்றூர் தன்னைத் தானே எண்ணிப் பார்த்து ஒன்றுகூடியதால் நிலைத்தது என்பதற்கு நம் அருகிலேயே உள்ள சான்று இது.

இனி மக்கள்தொகைக்கு வருவோம். ஜுருவில் எத்தனை பேர்? கணக்கெடுப்பு அறிக்கைகள் மாவட்டம், முக்கிம் என்ற வரிசையில் மக்களைக் கணக்கிடுகின்றன. பினாங்கில் முக்கிம்களுக்குப் பெரும்பாலும் பெயர் இல்லை, எண்தான் உண்டு. முக்கிம் 1, முக்கிம் 2 என்று அவை செல்கின்றன. அஞ்சல் முகவரியும் நமக்கு உதவாது. ஜுரு என்று நாம் அழைக்கும் பகுதிக்கு வரும் கடிதங்களில் சில பிறை என்றும், சில சிம்பாங் அம்பாட் என்றும், சில புக்கிட் மெர்தாஜம் என்றும் முகவரி தாங்கி வருகின்றன. பெருநாள் காலங்களில் வானொலியில் நாடே கேட்கும் 'ஜுரு' என்பதோ வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் சுங்கச்சாவடி. ஆக, ஊரின் பெயர் எல்லாருக்கும் தெரியும். ஊரின் எல்லைதான் ஒருவருக்கும் தெரியாது.

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் நிலைமை வேறு. அங்கே 1785ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி, மக்கள் குடியேறுவதற்கு முன்பே நிலத்தை அளந்து, 6 மைலுக்கு 6 மைல் என்ற சதுரங்களாகப் பிரித்தனர். ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் 36 கட்டங்கள். அவற்றுள் 16ஆம் கட்டம் பொதுப்பள்ளிக்கென ஒதுக்கப்பட்டது. சில நூறு பேரே வாழும் சிற்றூர்ச் சதுரத்துக்கும் அங்கே தெளிவான எல்லையும் மக்கள்தொகைக் கணக்கும் உண்டு. பிள்ளை பிறக்கும் முன்பே பள்ளிக்கு நிலம் வரைபடத்தில் இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். (அந்நிலம் அங்கிருந்த பழங்குடியினரிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.)

நம் பள்ளிகளின் கதை அவ்வாறன்று. 1800ஆம் ஆண்டில் கெடா சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி இப்பெருநிலத்தைப் பெற்று, வெல்லஸ்லி என்று பெயரிட்டது. 19ஆம் நூற்றாண்டில் இங்கே கரும்புத் தோட்டங்கள் பெருகின. ஒப்பந்தக் கூலிகளாக நம் முன்னோர் கப்பலேறி வந்தது பெரும்பாலும் அத்தோட்டங்களுக்கே. பின்னர் கரும்பு போய் இரப்பர் வந்தது. தென்னையும் செம்பனையும் வந்தன. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது.

அந்நாளில் தமிழர் எத்தனை பேர் என்ற கணக்கு மிகத் துல்லியமாக இருந்தது. விடியற்காலைப் பெரட்டில் கிராணி பெயர் வாசிப்பார். வந்தவர் யார், வராதவர் யார் என்பது செக்ரோலில் ஏறிவிடும். தோட்டத்துக்கு எல்லை உண்டு. லயத்துக்கு எண் உண்டு. அது வேலை வாங்குவதற்காக எடுக்கப்பட்ட கணக்கு. நம் நலனுக்காக எடுக்கப்பட்டதன்று. ஆயினும், அக்கணக்கின்மீதே நம் பள்ளிகள் எழுந்தன. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. பத்துப் பிள்ளைகள்! ஒரு லயத்திலேயே அத்தனை பேர் இருந்த காலம் அது. ஜுரு, பத்து காவான், வால்டோர் என இவ்வட்டாரத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் பெயரில் 'தோட்டம்' என்ற சொல் இன்றும் ஒட்டிக்கொண்டிருப்பது இதனால்தான்.

தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, செக்ரோலோடு சேர்ந்து அந்தக் கணக்கும் மறைந்தது. மக்கள் மறையவில்லை. அடுக்குமாடிகளிலும் தாமான்களிலும் சிதறிக் குடியேறினர். 1985இல் பினாங்குப் பாலம் திறந்தபின் தீவின் தொழிற்சாலைகளுக்கும், 2014இல் இரண்டாவது பாலம் திறந்தபின் பத்து காவான் பக்கமும் வேலைக்குச் செல்வோர் பெருகினர். இன்று தமிழர்களை ஓரிடத்தில் நின்று எண்ண முடியாது.

அண்மையில் என் மாணவர்களிடம் 'என் ஜுரு' என்னும் தலைப்பில் வரைபடம் வரையச் சொன்னேன். ஒருவன் சுங்கச்சாவடியை நடுவில் வைத்து வரைந்தான். ஒருத்தி, தாயார் இரவு வேலை பார்க்கும் தொழிற்சாலையையும் அதற்குச் செல்லும் பேருந்தையும் வரைந்தாள். இன்னொருவனுக்கு ஊர் என்பது மாரியம்மன் கோயிலும் அதன் பின்னுள்ள பந்துத் திடலும். வீட்டில் வரைந்த ஒரு படத்தின் மூலையில் மட்டும், இன்றில்லாத நீண்ட லயம் ஒன்று இருந்தது. "பாட்டி சொன்னாங்க டீச்சர்" என்றாள் அம்மாணவி. மறுவாரம் அப்பாட்டியே பேத்தியை அழைத்துச் செல்ல வந்தார். "அந்தக் காலத்துல யார் வீட்டுல புள்ள பொறந்தாலும் தோட்டம் முழுக்கத் தெரியும் டீச்சரம்மா. இப்ப மேல் மாடியில யாரு இருக்கான்னே எனக்குத் தெரியல" என்றார்.

அன்று மாலை வகுப்பிலுள்ள படங்கள் அனைத்தையும் மேசைமீது பரப்பிப் பார்த்தேன். எந்த இரண்டு படத்திலும் ஊரின் எல்லை ஒத்துப்போகவில்லை. எல்லாப் படங்களிலும் இருந்த ஒன்று பள்ளி. மற்றொன்று, பெரும்பாலானவற்றில் இருந்த பள்ளி வேன். அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. இன்றைய தமிழ்ப்பள்ளியின் ஊர் எல்லையை வரைவது தோட்ட வேலியன்று. அந்த வேன் காலை 6 மணிக்கு எந்தெந்தத் தாமானில் நிற்கிறதோ, அதுவே எல்லை. எந்த வீட்டில் அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டுக்குச் செல்லும் பிள்ளை இருக்கிறது என்பதை நம் எல்லாரையும்விட வேன்கார அண்ணனே நன்கு அறிவார்.

இது ஏன் முக்கியம் என்று சிலர் கேட்கலாம். மாணவர் எண்ணிக்கை 150ஐத் தாண்டாத பள்ளி, 'குறைந்த மாணவர் பள்ளி' என வகைப்படுத்தப்படுகிறது. நாட்டிலுள்ள தமிழ்ப்பள்ளிகளுள் பாதிக்கும் மேற்பட்டவை அவ்வகையின. 1957இல் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530. மலேசிய இந்தியர்களின் பிறப்பு விகிதமும், தலைமுறை குறையாமலிருக்கத் தேவையான 2.1 குழந்தைகள் என்ற அளவுக்குக் கீழே சென்று பல ஆண்டுகளாகின்றன. இதை நாம் மாற்ற இயலாது. ஆனால், இருக்கும் பிள்ளைகளை அறியாமல் இழப்பது வேறு. அதை நாம் தடுக்க இயலும்.

நான் பணியாற்றும் பள்ளியின் பெயரிலும் 'தோட்டம்' உண்டு. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரோடு சென்ற ஆண்டு ஒரு தாமானில் வீடு வீடாகச் சென்றோம். இளம்பெற்றோர் ஒருவர், "அது தோட்டத்துக்குள்ள இருக்கிற பள்ளிதானே? அவ்வளவு தூரம் எப்படி அனுப்புறது?" என்று கேட்டார். அவர் வீட்டிலிருந்து பள்ளிக்கு மகிழுந்தில் பத்து நிமிடம்கூட ஆகாது. அவர் தமிழை வெறுத்தவரல்லர். அவருடைய வரைபடத்தில் நம் பள்ளி இல்லை, அவ்வளவே. அன்று நாங்கள் சென்ற வீடுகளில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 11 பேரின் பெயரை எழுதிக்கொண்டு வந்தோம். 1923ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு பள்ளியே அமைக்கப் போதுமான எண்ணிக்கை!

ஆசிரியர்களுக்கு என் பணிவான வேண்டுகோள் இதுதான். உங்கள் மாணவர்களைக் கொண்டே ஊர் வரைபடம் ஒன்றைத் தயாரியுங்கள். தாமான், கோயில், பாலர் பள்ளி, வேன் நிற்கும் இடம் ஆகியவற்றைக் குறியுங்கள். ஆண்டுதோறும் ஒரு நாள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தோடு நடந்து, பள்ளி செல்லவிருக்கும் பிள்ளைகளைக் கணக்கிடுங்கள். பெற்றோர்களே, உங்கள் மாடியில், உங்கள் தெருவில் புதிதாகக் குடிவந்த தமிழ்க் குடும்பத்திடம் ஒரு வார்த்தை பேசுங்கள். பள்ளி எங்கே இருக்கிறது என்று வழி சொல்லுங்கள். பள்ளியைத் தேர்ந்தெடுப்பது அவர்கள் உரிமை. பள்ளி இருப்பதை அவர்கள் அறியச் செய்வது நம் கடமை.

அன்று கிராணி கையில் இருந்த கணக்கு இன்று யார் கையிலும் இல்லை. நம் பிள்ளைகளை நாமே எண்ணாவிட்டால் நமக்காக எண்ணுவார் எவர்? முதலாம் ஆண்டுப் பதிவுக்கு முன்பாக, உங்கள் வட்டாரத்தில் இக்கணக்கைத் தொடங்குங்கள். உங்கள் ஊரின் எல்லை எதுவரை செல்கிறது என்பதை எனக்கும் எழுதித் தெரிவியுங்கள்.