துலுஸ்தூ பாறையில் நாளைய அலை

மாலத்தீவின் வடமாலே பவளத்தீவுக் கூட்டத்தில், கிழக்கு விளிம்பில் இருக்கிறது துலுஸ்தூ. கோகோ கோலா ஆலை உள்ள ஊர் என்பதால் அதன் பாறையில் உடையும் அலைக்குச் சர்ஃபிங்காரர்கள் ‘கோக்ஸ்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். கால்வாய்க்கு எதிர்ப்புறத்தில், முன்பு கோழிப்பண்ணை இருந்த தீவின் பாறையில் உடைவது ‘சிக்கன்ஸ்’. கோக்ஸில் ஏறியவர் தம் வலப்பக்கமாகச் சறுக்கிச் செல்வார், சிக்கன்ஸில் இடப்பக்கமாக. இரண்டு அலைகளும் நடுவில் இருக்கும் ஆழமான கால்வாயை நோக்கி ஓடி அடங்குகின்றன. இந்தப் பாறைகளில் நாளைக்கும் அடுத்த வாரத்துக்கும் அலை எப்படி இருக்கும் என்று கணித்துச் சொல்வது இங்கே பலருக்குச் சோறு போடும் தொழில். கணினி மாதிரிகளை வாசிக்கும் வழிகாட்டி ஒருவர், பாறையை வாசிக்கும் தோணியோட்டி ஒருவர். இருவர் சொல்வதும் சேர்ந்தால்தான் முன்னறிவிப்பு முழுமையாகிறது.

இந்தக் கடலில் சர்ஃபிங் தொடங்கியது ஒரு கப்பல் விபத்தால். 1973-இல் ஆஸ்திரேலியர் டோனி ஹிண்ட் பயணம் செய்த பாய்க்கப்பல் வடமாலேயின் பாறையில் மோதி உடைந்தது. கரையேறியவர் அங்கேயே தங்கிவிட்டார். இஸ்லாத்தைத் தழுவி ஹுசைன் என்ற பெயரையும் ஏற்றார். பல ஆண்டுகள் இந்த அலைகளைப் பற்றி வெளியுலகத்துக்கு அதிகம் தெரியாது. எந்தக் காற்றுக்கு எந்தப் பாறை ஒத்துவரும் என்பதை அவரும் அவரோடு பழகிய உள்ளூர் இளைஞர்களும் பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். 2008-இல் அவர் இறந்ததும் தமக்குப் பிடித்த ‘பாஸ்தா பாயின்ட்’ அலையில்தான். இன்று வழிகாட்டிகளாக இருக்கும் தீவுக்காரர்களிடம் உள்ள அறிவின் ஒரு பகுதி அந்தக் காலத்தில் சேர்ந்தது.

துலுஸ்தூவில் உடையும் அலை அந்தப் பக்கத்தில் பிறந்ததல்ல. இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில், 40 முதல் 60 பாகை தென் அட்சரேகைக்குள், மேற்கிலிருந்து கிழக்காக ஓயாமல் ஓடும் புயல்களில் அது பிறக்கிறது. அலையின் வலு மூன்றைப் பொறுத்தது: காற்றின் வேகம், அது வீசும் நேரம், தடையின்றி அது வீசும் கடற்பரப்பின் நீளம். தென்கடலில் காற்றை மறிக்க நிலமில்லாததால் மூன்றும் ஒருசேரக் கிடைக்கின்றன. புயலை விட்டு வெளியேறிய பின் அலைகள் ஒழுங்குபட்டு, நீண்ட வரிசைகளாக வடக்கே பயணப்படுகின்றன. இவற்றைத்தான் சர்ஃபிங்காரர்கள் ‘ஸ்வெல்’ என்கிறார்கள். இங்கே தூர அலை என்று சொல்லலாம்.

இந்தப் பயணம் எவ்வளவு தூரம் போகும் என்பதை நிறுவியவர் கடலியலாளர் வால்டர் மங்க். இரண்டாம் உலகப் போரில் கடற்கரையில் படைகளை இறக்குவதற்காக அலை முன்கணிப்பு முறையை ஹரால்ட் ஸ்வெர்ட்ரப்புடன் சேர்ந்து வகுத்தவர் அவர். 1963-இல் நியூசிலாந்து முதல் அலாஸ்கா வரை கருவிகளை வரிசையாக வைத்து, தென்கடல் புயல்களின் அலைகள் பசிபிக்கையே கடந்து போவதை அவருடைய குழு பின்தொடர்ந்து அளந்தது. ஆழ்கடலில் அலைகள் மிகக் குறைந்த ஆற்றலையே இழக்கின்றன என்பது அப்போது உறுதியானது. இன்றைய கணினி மாதிரிகளுக்கு அடித்தளம் அந்த வேலை.

முன்னறிவிப்பில் முதலில் பார்க்க வேண்டியது அலையின் உயரத்தை அல்ல, அலைவு நேரத்தை. அடுத்தடுத்த இரு முகடுகள் ஓர் இடத்தைக் கடக்க ஆகும் வினாடிகள்தான் அது. ஆழ்கடலில் அலைவு நேரம் கூடக் கூட அலை வேகமாகப் போகும். 20 வினாடி அலைக்கூட்டம் ஒரு நாளில் ஏறத்தாழ 1,350 கிலோமீட்டர் செல்லும். 16 வினாடி அலை சுமார் 1,080. 12 வினாடி அலை 800 சொச்சம். 45 பாகை தெற்கிலிருந்து துலுஸ்தூவுக்கு ஏறக்குறைய 5,500 கிலோமீட்டர். ஆகவே ஒரே புயலிலிருந்து புறப்பட்டாலும் 20 வினாடி அலை நான்காம் நாளிலும், 16 வினாடி அலை ஐந்தாம் நாளிலும், 12 வினாடி அலை ஏழாம் நாளை ஒட்டியும் வந்து சேரும். முதலில் வருபவை உயரம் குறைந்தவை, ஆனால் மிக நீளமானவை. கடல் அமைதியாகத் தோன்றும்போதே அவை வந்துவிட்டிருக்கும். அனுபவமில்லாதவர் கண்ணுக்கு அவை தப்பிவிடும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விளைவு கிடைக்கிறது. முன்னறிவிப்பை நம்பிப் பயணம் போடுகிறவர்கள் இதைத்தான் அதிகம் தவறவிடுகிறார்கள். ஐந்து நாள் கழித்து வரப்போகும் அலையை உண்டாக்கும் புயல் பெரும்பாலும் ஏற்கனவே வீசியிருக்கும். அந்த அலை இப்போது கடலில்தான் இருக்கிறது. ஜேசன்-3, இந்திய-பிரெஞ்சுக் கூட்டுத் தயாரிப்பான சரல் போன்ற உயரமானிச் செயற்கைக்கோள்கள் அதன் உயரத்தை மேலிருந்து அளந்துவிடுகின்றன. மிதவைகள் அரிதான தென்கடலில் இந்த அளவைகள் பெரிய துணை. எனவே ஐந்து நாள் முன்னதான தூர அலைக் கணிப்பு பெரும்பாலும் பொய்க்காது. பத்து, பன்னிரண்டு நாள் கணிப்பு அப்படியல்ல; இன்னும் உருவாகாத புயலின் காற்றைக் கணித்து, அதிலிருந்து அலையைக் கணித்துச் சொல்வது அது. உள்ளூர் காற்றுக்கும் மழைக்குமோ இரண்டு நாளுக்கு மேல் உறுதி சொல்ல முடியாது. ஒரே பக்கத்தில் ஒரே வடிவில் அச்சாகும் எண்களில், அலைக்கும் வானிலைக்கும் நம்பகம் இவ்வளவு வேறுபடுகிறது.

பவளப்பாறைக்கு அருகே வந்ததும் அலையின் குணம் மாறுகிறது. 16 வினாடி அலையின் நீளம் ஆழ்கடலில் 400 மீட்டர். நீளத்தில் பாதி, அதாவது 200 மீட்டர் ஆழத்துக்கு வந்ததும் அது அடித்தரையை உணரத் தொடங்கும். கன்னியாகுமரிக்குத் தெற்கே வாட்ஜ் பேங்க் போன்ற ஆழமற்ற பரந்த தளம் இருந்தால் அலை நெடுந்தூரம் தரையோடு உராய்ந்து ஓரளவு ஆற்றலை இழந்து கரையேறும். மாலத்தீவின் வெளிவிளிம்போ சுவர்போல ஆழத்திலிருந்து எழுவது. தளர்வதற்கு அலைக்கு இடமே இல்லை. ஆழ்கடலின் முழு வலுவோடு வந்து, சட்டென்று நிமிர்ந்து, சில மீட்டர் ஆழமே உள்ள பவளத்தின்மேல் கவிழ்கிறது. ஒன்றரை மீட்டர் உயரம் என்று இரு வேறு நாட்களுக்கு ஒரே எண் அறிவிப்பில் இருக்கலாம். ஆனால் அதே உயரமுள்ள 8 வினாடி அலையைவிட 16 வினாடி அலை இரு மடங்கு ஆற்றலைக் கொண்டுவருகிறது, பாறையில் உயரமாகவும் எழுகிறது. உயரத்தை மட்டும் பார்த்துத் தண்ணீரில் இறங்குவது இங்கே ஆபத்து.

அடுத்தது காற்று. ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான தென்மேற்குப் பருவத்தில், தமிழ்க் கரையோரத்தார் கச்சான் என்று சொல்லும் மேல்காற்று வீசும். கிழக்கு விளிம்புப் பாறைகளுக்கு இது பின்னாலிருந்து, அதாவது தீவுப்பக்கமிருந்து வருகிற காற்று. எழும் அலையின் முகத்தில் எதிராக வீசி, அது சீக்கிரம் கவிழாமல் தாங்கிப் பிடிக்கிறது, முகமும் மழமழப்பாகிறது. தென்கடலில் குளிர்காலப் புயல்கள் வலுக்கும் மாதங்களும் இவைதான். துலுஸ்தூவில் சர்ஃபிங் பருவம் இந்த மாதங்களில் அமைந்ததற்குக் காரணம் இந்தப் பொருத்தம். டிசம்பரில் வடகிழக்குக் காற்று தொடங்கியதும் அதே பாறைகளில் காற்று முன்னாலிருந்து அடிக்கிறது. தெற்கே புயல்களும் தளர்ந்திருக்கும். தென்மேற்குப் பருவத்திலும் எல்லா நாளும் நல்ல நாளல்ல. மழைமேகக் கூட்டங்கள் கடக்கும்போது காற்று திடீரென்று வலுத்துத் திசை மாறும். கால் மணி நேரத்தில் கண்ணாடிபோல் இருந்த அலை கலங்கிவிடும்.

பருவங்களைக் கணக்கிட மாலத்தீவினருக்கு ‘நகை’ என்ற நாட்காட்டி இருக்கிறது. ஆண்டை 27 நட்சத்திரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 13 அல்லது 14 நாள் தந்து, அந்தந்த நாட்களில் காற்று, மழை, கடல், மீன்பாடு எப்படி இருக்கும் என்று வகுத்த கணக்கு அது. ஏப்ரல் 8-இல் அஸ்வினியில் தொடங்குகிறது. கத்திரி வெயிலை நட்சத்திரம் வைத்துச் சொல்லும் தமிழருக்கு இது அந்நியமாகத் தோன்றாது. கணிப்பு மாதிரிகள் வந்த பிறகும் வயதான தோணியோட்டிகள் நகையைக் கைவிடவில்லை. ஒரு குறிப்பிட்ட நாளைச் சொல்ல அது உதவாது. அந்தப் பதின்மூன்று, பதினான்கு நாளின் போக்கைச் சொல்ல உதவும். இந்த வரம்பைத் தெரிந்து பயன்படுத்துவதால்தான் அந்த அறிவு இன்னும் பிழைத்திருக்கிறது என்பது என் கருத்து.

ஓதமும் நீரோட்டமும் மீதியைத் தீர்மானிக்கின்றன. இங்கே ஓத ஏற்ற வற்றம் ஒரு மீட்டரை ஒட்டியதுதான். ஆனால் பவளத்தின்மேல் இருப்பதே கொஞ்ச நீர் என்பதால் அந்த ஒரு மீட்டரே எல்லாவற்றையும் மாற்றிவிடும். வற்றத்தில் கோக்ஸ் கூர்மையாகக் கவிழும், பவளம் தொட்டுவிடும் தூரத்தில் இருக்கும், ஏற்றத்தில் இளகும். தென்மேற்குப் பருவத்தில் கடல்நீர் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுவதால், கிழக்கு விளிம்புக் கால்வாய்களில் நீர் வெளியே பாய்கிறது. உள்ளே வரும் அலையும் வெளியே பாயும் நீரும் எதிர்ப்படும் இடத்தில் அலை குறுகி, செங்குத்தாகி, தாறுமாறாகும். எந்த உலகளாவிய மாதிரியும் இந்த அளவுக்குக் கால்வாய் கால்வாயாகச் சொல்வதில்லை.

தோணியோட்டியின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. விடியற்காலையில் தோணி கால்வாய் ஓரத்தில் இன்ஜின் வேகத்தைக் குறைத்து நிற்கிறது. வழிகாட்டியின் கைப்பேசியில் அன்றைய எண்கள் இருக்கின்றன. தோணியோட்டி அதைப் பார்ப்பதில்லை. நான் கவனித்தவரை அவர் பார்வை முதலில் போவது நுரைக்கு: பாறையின் எந்த இடத்தில் வெள்ளை முதலில் விழுகிறது, கடைசியாக எங்கே ஓய்கிறது. பிறகு தொடுவானத்தில் கறுப்புக் கோடுகளாக எழும் அலைத்தொகுதிகளைப் பார்க்கிறார். நீண்ட அலைகள் தொகுதி தொகுதியாகவே வரும். நடுவே பத்து, இருபது நிமிடம் கடல் ஒன்றுமில்லாததுபோல் கிடக்கும். அந்த இடைவெளியில் வந்து சேர்ந்தவர் அலையே இல்லை என்று முடிவு கட்டிவிடுவார். அதனால் இரண்டு தொகுதிகளாவது கடக்கும்வரை அவர் யாரையும் தண்ணீரில் இறங்க விடுவதில்லை. பெரிய தொகுதியின் கடைசி அலை எங்கே உடைகிறது என்பதுதான் அவருக்கு அன்றைய அளவு. மிதவையில் கட்டிய கயிற்றைத் தோணி எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதிலிருந்து நீரோட்டத்தின் திசையும் விசையும் தெரிந்துவிடும். கயிறு விறைத்துக் கடல்பக்கம் நீண்டிருந்தால், களைத்தவர்கள் கால்வாய்க்குள் வரும்போது வெளியே அடித்துச் செல்லப்படுவார்கள். தோணியை அதற்கேற்ப நீரோட்டம் போகும் பக்கம் தள்ளி நிறுத்துகிறார்.

வழிகாட்டி தம் பங்குக்கு ஆட்களை எடைபோடுகிறார். அலை தென்கிழக்கிலிருந்தா, நேர் தெற்கிலிருந்தா என்பதைப் பொறுத்து கால்வாயின் இரு பக்கமும் வெவ்வேறு விதமாக உடையும். வலுவான நாளில் கோக்ஸ் தேர்ந்தவர்களுக்கு மட்டும்; மற்றவர்களை நீண்டு இளகி ஓடும் அலைக்கோ, ஹிம்மாஃபுஷி தீவின் பக்கமோ அழைத்துப் போவார். இந்த முடிவை எடுக்கும் பத்து நிமிடத்தில் கணினியின் எண், ஓத அட்டவணை, நுரைக்கோடு, கயிற்றின் விறைப்பு எல்லாம் ஒன்றாகின்றன. இந்தத் திறமைக்குப் பட்டமோ சான்றிதழோ போதாது; அதே பாறையை ஆண்டுக்கணக்கில் பார்த்திருக்க வேண்டும். இதற்குரிய மதிப்பும் கூலியும் இவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று வலியுறுத்தத் தோன்றுகிறது.

விளையாட்டுக்கான இந்தக் கணிப்பும் பேரிடர் எச்சரிக்கையும் ஒரே அறிவிலிருந்து வருபவை. 1987 ஏப்ரலில் தொலைதூரப் புயலின் அலைகள் மாலே நகருக்குள் புகுந்தன. கடலை நிரப்பி எடுத்த நிலம் அரித்துப் போனது. 2007 மே மாதம் தென்கடலில் எழுந்த அலைகள் முதலில் ரீயூனியன் தீவைத் தாக்கி, சில நாளில் மாலத்தீவின் பல தீவுகளில் வீடுகளுக்குள் நீரை ஏற்றின. அப்போது தீவுகளுக்கு மேலே புயல் ஏதும் இல்லை. கேரளத்திலும் குமரிக் கரையிலும் மீனவர்கள் கள்ளக்கடல் என்பது இதைத்தான். 2024 மே 6 அன்று குமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்களை அலை இழுத்துச் சென்றதும் இப்படிப்பட்ட நாளில். ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இந்த அலைகளுக்கென்றே முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. மாலத்தீவு வானிலைத் துறை வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நான்கு நிலைகளில் அறிவிக்கிறது. தூர அலையும் உயர்ந்த ஓதமும் ஒரே நாளில் கூடும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்கள் கூடுதல் கவனத்துக்குரியவை.

பாறையும் மாறாமல் இருப்பதில்லை. 1998-இலும் 2016-இலும் கடல்நீர் சூடேறி மாலத்தீவின் பவளங்கள் பெருமளவில் வெளுத்துச் செத்தன. செத்த பவளம் உடைந்து நொறுங்கினால் பாறையின் சொரசொரப்பு குறையும். அலையைத் தடுத்து ஆற்றலைக் குறைக்கும் திறனும் குறையும். அதனால் பாறைக்குப் பின்னால் இருக்கும் தீவுக்கு வந்து சேரும் அலை பெரிதாகும். ஓர் இடத்தில் எந்த ஓதத்துக்கு எந்த அலை எப்படி உடையும் என்ற தோணியோட்டியின் கணக்கையும் அவ்வப்போது திருத்த வேண்டியிருக்கிறது. தீவுகளின் வழிகாட்டிகள் தினமும் பார்ப்பதைத் தேதி, ஓதம், காற்று, அலைத்திசையோடு குறித்து வைத்தால், எச்சரிக்கை விடுப்பவர்களுக்குத் தீவு தீவாகக் கடலைச் சரிபார்க்க ஒரு பதிவேடு கிடைக்கும்.