மாந்துவா மாளிகைக் கையறுநிலை

மிஞ்சியோ ஆற்றுநீர் ஏரிகளாய் விரிந்து காக்கும் இத்தாலியின் மாந்துவா நகர் மாளிகையே, அளியை! 1328-இல் பொனகோல்சியரை வீழ்த்தி வந்த கொன்சாகா குடியினர், முற்றத்தோடு முற்றம் சேர்த்து, கூடத்தோடு கூடம் கோத்து உன்னை வளர்த்தனர். ஐந்நூறுக்கும் மேற்பட்ட அறைகளுடன் ஓங்கி நின்றனை. அவற்றுள் உறைந்த குடியில் இன்று யார் உளர்?

கலைவல்லார்க்கு அடையா வாயில் உனது. ரூபன்ஸ் இளமையில் உன் நிழலில் இருந்தே தீட்டினான். 1607-இல் மொந்தேவெர்தியின் ‘ஓர்ஃபெயோ’ இசைநாடகம் உன்னகத்தே முதன்முதல் ஒலித்தது. மறுஆண்டு இளவரசன் மணவிழாவுக்கென மொந்தேவெர்தி ‘அரியான்னா’வை இயற்றினான். தலைவியாய்ப் பாட இருந்த காத்தரீனா மார்த்தினெல்லி, பதினெட்டே அகவையினள், அரங்கேறுமுன் பெரியம்மையில் மாய்ந்தாள். வேறொருத்தி பாட, கேட்ட மகளிர் கண்ணீர் உகுத்தனர். அவ்விசைநாடகத்தின் பண்களுள், காதலனால் கடற்கரையில் கைவிடப்பட்டவளின் புலம்பல் ஒன்றே நமக்கு எஞ்சியது.

உன்னை முதலில் வறிதாக்கியவர் பகைவர் அல்லர், உன் தலைவரே. கடன் முற்றிய 1627-இல், இரண்டாம் வின்செஞ்சோ காலத்தில், இங்கிலாந்து மன்னன் முதலாம் சார்லசுக்கு உன் செல்வம் விலைப்பட்டது. டிஷியனும் ரஃபேலும் கொரெஜ்ஜோவும் தீட்டியவை கடல் கடந்தன. மாந்தேன்யாவின் ‘சீசரின் வெற்றி உலா’ ஒன்பது திரைகளும் பின்னே சென்று, ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையை அடைந்தன. 1627-இலேயே வின்செஞ்சோ முறையான வாரிசின்றி மாண்டான். அரியணைக்கு எழுந்த போரில், 1630 ஜூலையில், புனித ரோமப் பேரரசன் படை உட்புகுந்தது. கொள்ளையும் கொள்ளைநோயும் ஒருங்கே உண்ட ஊரில் யாரைத் தேற்றுவாய், யாரால் தேறுவாய்? குடியின் கடைசிக் கோமகன் 1707-இல் நாடு விட்டோடி, மறுஆண்டு பாதுவாவில் இறந்தான்.

விற்கத்தகுவன விற்றனர், சுமக்கத்தகுவன சுமந்தனர். சுவரோடு ஒன்றியதைப் பெயர்க்க அவரால் ஆகவில்லை. உன் கோட்டையுள் 1474-இல் மாந்தேன்யா தீட்டி முடித்த அறையில், கொன்சாகா குடித்தலைவன் லுதொவிக்கோ கையில் மடலோடு இன்றும் வீற்றிருக்கிறான். அருகில் மனைவி பார்பரா, மக்கள், சுற்றம். இருக்கையின் கீழ் அவன் நாய். விதானத்தில் தீட்டிய வானின் விளிம்பிலிருந்து மகளிர் எட்டிப் பார்க்கின்றனர். 2012-இன் நிலநடுக்கம் கோட்டையைப் பிளந்தும் அவ்வறை பிழைத்தது. 2015-இல் மீண்டும் திறந்தது.

மாளிகையே, படை கவர்ந்ததைப் போரின் அறமின்மை என்று ஆற்றுவேன். ஈன்றோர் போல் உன்னைப் பேணியவர் வழிவந்தோரே உன்னை விலைகூறியதை எதைச் சொல்லி ஆற்றுவேன்?