நிலையான முகவரி

ஹைதராபாத்தின் லிங்கம்பள்ளியில் வாடகை வீட்டில் வசிக்கும் முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவர், செகந்திராபாத்தில் தலைமுறைகளாக வாழும் மூத்த தமிழர்களின் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்து வருகிறார். பேசியவர்களுக்கு அவர் எழுத்தில் அளித்த வாக்கு ஒன்று உண்டு: அவர்களுடைய குரல் துறையின் சர்வரை விட்டு வெளியே போகாது. கைக்குழந்தையோடு நாள்தோறும் வளாகத்திற்குச் செல்ல இயலாத நிலையிலும் பதிவுகளைப் பென் டிரைவில் எடுத்துவர அவர் மனம் ஒப்பவில்லை.

வீட்டிலிருந்தே அந்த சர்வரை அணுகலாம். ஆனால், பட்டியலில் உள்ள ஐபி முகவரிகளுக்கு மட்டுமே அது வழிவிடும். இணையதளம் ஒன்று காட்டிய எண்ணை அவர் அனுப்பினார். அன்று மாலை வேலை நடந்தது. மறுநாள் மின்தடை வந்து போனதும் கதவு அடைபட்டது, எண் மாறியிருந்தது. மும்முறை இவ்வாறு நேர்ந்தபின் ரௌட்டரின் பக்கத்தைத் திறந்து பார்த்தார். அங்கே 100.72 எனத் தொடங்கும் வேறோர் எண் இருந்தது.

காரணம் எளியது. ஐபிவி4 முறையில் மொத்தமே ஏறத்தாழ 429 கோடி முகவரிகள்தாம். ஆசிய-பசிபிக் வட்டாரத்திற்கான பொதுக் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே தீர்ந்தது. பல வீடுகள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிற்க ஏதுவாக, 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான எண்கள் 2012இல் ஒதுக்கப்பட்டன. அவர் அனுப்பி வந்த எண் முன்பின் அறியாத பல வீடுகளுக்கும் பொதுவானது. அதை அனுமதிப்பது அவ்வீடுகள் அனைத்தையும் வாசல்வரை அழைப்பதற்கு ஒப்பாகும்.

ஆண்டுக் கட்டணம் செலுத்தியபின் இணைய நிறுவனம் முகவரி, சப்நெட் மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ் ஆகியவற்றை எழுதித் தந்தது. பழைய கணினியொன்றில் பிஎஃப்சென்ஸ் ஃபயர்வாலை நிறுவி, வெளி இணைப்பை டிஹெச்சிபியிலிருந்து நிலையான முகவரிக்கு மாற்றினார். கேட்வேயை அது ஏற்க மறுத்தது. முகவரிக்கு அருகிலிருந்த சிறு கட்டத்தில் 32 என்றே விடப்பட்டிருந்ததை அவர் கவனிக்க ஓர் இரவு முழுதும் ஆயிற்று. 32 என்றால் அந்தத் தெருவில் தன் வீட்டைத் தவிர வேறு வீடே இல்லை என்று பொருள். கேட்வே எங்கிருந்து வரும்? நிறுவனம் தந்த 255.255.255.0 என்ற மாஸ்கிற்கு ஈடான 24ஐத் தேர்ந்தெடுத்ததும் இணைப்பு வந்தது.

மறுநாள் ஃபயர்வாலின் பதிவேட்டைப் புரட்டியவர் திடுக்கிட்டார். 22, 3389 ஆகிய போர்ட்டுகளைத் தட்டிச் சென்ற அந்நிய முகவரிகள் வரிவரியாக நின்றன. அவை இணையம் முழுவதையும் ஓயாது துழாவும் இயந்திரங்கள். அவருக்கென்று வந்தவை அல்ல. அனைத்தையும் ஃபயர்வால் தடுத்திருந்தது. எனினும், சோதனைக்காக நிர்வாகப் பக்கத்தை வெளியிலிருந்து காணும்படி தாமே திறந்து வைத்திருந்த விதியை உடனே நீக்கினார்.

முகவரி வீட்டைத்தான் காட்டும், ஆளைக் காட்டாது. பல்கலைக்கழக நூலகத்தின் ஆய்விதழ்கள் வளாகத்திற்குள் கடவுச்சொல் கேளாமல் திறப்பதும் இத்தகைய நம்பிக்கையால்தான். வீட்டிலோ தொலைக்காட்சியும் விருந்தினரின் கைப்பேசியும் அதே முகவரியில்தான் வெளியே செல்கின்றன. ஆகவே ஆய்வுக் கணினியைத் தனிப் பிரிவில் வைத்து, சர்வருக்கான எஸ்எஸ்ஹெச் சாவிக்கும் கடவுத்தொடர் இட்டார்.

இப்போது குழந்தை உறங்கும் நேரங்களில் நான்காம் இயல் வளர்கிறது. வாடகை ஒப்பந்தம் வரும் மே மாதம் முடிகிறது. நிலையான முகவரி என்பது கட்டணம் செலுத்தும்வரைதான் நிலையானது. அதன்பின் அது வேறொரு வாடிக்கையாளருக்குப் போய்ச் சேரலாம். வீடு மாறும்போது செய்யவேண்டியவற்றின் பட்டியலில், எரிவாயு இணைப்புக்கும் முன்னால், அவர் ஒரு வரியை எழுதி வைத்திருக்கிறார்: துறையின் சர்வரிலிருந்து இந்த எண்ணை நீக்கச் சொல்ல வேண்டும்.