பால் வந்தால் அது கீழ்க்காய் நெல்லி அல்ல



போன மழைக் காலத்தில் ஒரு நாள். இடைவேளைக்கு மணியடித்ததும் எட்டாம் தரப் பிள்ளை ஒருவர் கையில் ஒரு பிடி பூண்டோடு எங்களிடம் வந்தார்.

"டீச்சர், இது கீழ்க்காய் நெல்லிதானே? வாப்பாட கண் மஞ்சளாகி ஈக்கி. உம்மா அரச்சிக் குடுக்கப் போறா."

உண்மையைச் சொன்னால், எங்களுக்கும் உடனே பதில் வரவில்லை. பெயர் தெரியும், செடி மறந்துவிட்டது. ஒரு தண்டை ஒடித்துப் பார்த்தோம். வெள்ளைப் பால் கசிந்தது. அது அம்மான் பச்சரிசி.

"வாப்பா வயல்ல எறங்கினாரா?" என்று கேட்டோம். "ஓம் டீச்சர், காய்ச்சலும் ஈக்கி" என்றார். உடனே வீட்டுக்குக் கோல் எடுத்து, முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்றோம். எலிக்காய்ச்சல். அல்ஹம்துலில்லாஹ், சுகமாகி வந்துவிட்டார்.

அடுத்த விஞ்ஞான பாடத்துக்குப் பிள்ளைகளோடு மதிலோரம் போனோம். இரண்டு செடியும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. அம்மான் பச்சரிசியில் இலைகள் எதிரெதிரே சோடியாக இருக்கும், தண்டில் மயிர் இருக்கும், ஒடித்தால் பால் வரும். கீழ்க்காய் நெல்லியில் பால் இல்லை. சின்னஞ்சிறு இலைகள் மாறி மாறி நெல்லி இலை போல வரிசையாக நிற்கும். கிளையைத் திருப்பினால் அடியில் கடுகு போலக் காய்கள் தொங்கும். கீழே காய், இலை நெல்லி: அடையாளத்தைப் பெயரிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் நம் முன்னோர். நெல்லி மரமும் இதுவும் ஒரே பேரினம், ஃபிலாந்தஸ்.

பேராதனைப் பூங்கா 1821இல் தொடங்கியது. அங்குள்ள உலர்தாவரச் சாலையில் செடிகளை அழுத்திக் காயவைத்துப் பெயரெழுதி வைத்திருக்கிறார்கள். நாங்களும் பத்திரிகைத் தாளுக்குள் வைத்துக் காயவைத்து ஒட்டினோம். கீழே "கீழ்க்காய் நெல்லி" என்றும், அயலிலுள்ள சிங்கள மக்கள் சொல்லும் "பிட்டவக்கா" என்றும் எழுதினோம்.

உம்மும்மாமாருடைய கைமருந்தை நாம் குறைத்துப் பேசவில்லை. அவர்களுக்குச் செடி தெரியும். நமக்குப் பெயர் மட்டும்தான் மிச்சம். ஆகவே பெற்றோர்களே, கண் மஞ்சளானால் முதலில் டொக்டரிடம் காட்டுங்கள். எலிக்காய்ச்சலுக்குத் தாமதம் ஆபத்து. பிறகு ஒரு நாள் வீட்டுப் பெரியவர்களோடு பிள்ளைகளைத் தோட்டத்துக்கு அனுப்புங்கள். கிளையைத் திருப்பிப் பார்க்கப் பழகட்டும்.