துருசும் அகராதியும்

துணுக்காயிலிருந்து விடுதி மாணவராய் எம் கல்லூரிக்கு வந்த முதலாண்டிலே, ‘எம்மூர்க் குளம்’ பற்றி ஒரு கட்டுரை வரைந்தோம். துருசு திறந்து வயலுக்கு நீர் பாய்ச்சும் காட்சியை அதில் விரித்திருந்தோம். வகுப்பு நகைத்தது. அவர்களறிந்த துருசு மருந்துக்கடையில் விற்கும் மயில்துத்தம். எம்மூரிலோ அது குளநீரை வாய்க்காலுக்கு விடும் மதகு.

தமிழாசிரியர் நகைத்திலர். எம்மை நூலகத்துக்கு அழைத்துச் சென்று, சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைக் காட்டினார். இலட்சத்தின் மேற்பட்ட சொற்கள்! யாழ்ப்பாண வழக்குக்கு அதிலே தனிக்குறி உண்டு, வன்னிக்கு இல்லை. “உமது ஊர்ச் சொற்களை நீரே எழுதி வையும்” என்றார். அன்று தொடங்கியது எம் கையேடு.

எழுதப் புகும் மாணவர், எந்நூல்களை வைத்திருத்தல் வேண்டுமென எம்மை வினாவுவதுண்டு. சந்தி ஐயத்துக்கு நாவலரவர்களின் இலக்கணச் சுருக்கம். புராணப் பெயர்களுக்குச் சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி. அது வந்தது 1910இல். அதற்கு முன்னரே, 1902இல், யாழ்ப்பாணத்து முத்துத்தம்பிப்பிள்ளை அபிதானகோசம் தந்தாரென்பதை நம்மவர் மறந்தமை வியப்பே. இன்றைய வழக்குக்கு 1992இல் வெளிவந்த க்ரியா அகராதி. நிகண்டை மனனஞ் செய்யுமாறு எவரையும் வற்புறுத்தோம். எமக்கே பாதி மறந்துவிட்டது.

2008இல் இடம்பெயர்ந்தபோது இவையனைத்தையும் வீட்டிலே விட்டுப் புறப்பட்டோம். அரிசி மூடைக்கே வண்டியில் இடம் போதவில்லை. மீண்டபோது கூரையுமில்லை, நூலுமில்லை. ஆயினும் பேரகராதி இன்று பேரனின் கைப்பேசியிலே திறக்கின்றது. அபிதான சிந்தாமணியைச் சென்னையிலிருந்து தருவித்தோம். மீளாதது அக்கையேடு ஒன்றே. ஏறத்தாழ ஐம்பதாண்டு கமக்காரரிடமும் மாடு மேய்ப்போரிடமும் கேட்டெழுதிய சொற்கள் அவை. சொன்னவருட் பலர் இன்றில்லை.

இப்பொழுது புதிய கொப்பியொன்றில் மீண்டும் எழுதி வருகின்றோம். துருசு, வான், குளக்கட்டு என்பன எளிதில் வந்தன. சூடு மிதிக்கும் களத்திலே நெல்லை நெல்லென்னாது ‘பொலி’ என்பர்; அத்தகைய களத்துமொழிகள் அரைகுறையாகவே நினைவுக்கு வருகின்றன. இயந்திரம் வந்தபின் அவற்றைச் சொல்லும் வாய்கள் குறைந்தன. ‘அலைகரை’ எதுமுதல் எதுவரை என்பதில் முதியோர் இருவர் மாறுபடுகின்றனர். மாரி தொடங்குமுன் இருவரையும் ஒருங்கே குளக்கட்டுக்கு அழைத்துச் சென்று கேட்க எண்ணியுள்ளோம்.