மெழுகுக்கு அடியில்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடையில், மதுரைப் புறவழிச்சாலையோரம் இருந்த வாட்டர் சர்வீஸ் நிலையம் ஒன்றில் இரண்டு மாதம் வேலை செய்தேன். கல்லூரிக் கட்டணத்திற்குச் சிறிது பணம் சேர்க்க வேண்டியிருந்தது. மகிழுந்தைக் கழுவும் வேலை ஒரு வாரத்தில் கைவந்தது. மெழுகு தெளித்து மெருகேற்றும் வேலையை மேஸ்திரி அண்ணன் எளிதில் என்னிடம் ஒப்படைக்கவில்லை.

முதலில் வண்டியை நிழலில் நிறுத்தி, பானெட்டின்மேல் புறங்கையை வைத்துப் பார்க்கச் சொல்வார். சுட்டால் காத்திருக்க வேண்டும். சூடான தகட்டில் தெளித்த மெழுகு, துடைப்பதற்குள் உலர்ந்து திட்டுத்திட்டாகப் படிந்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு பகுதி மட்டுமே. அதற்கு இரண்டு தெளிப்புப் போதும். மைக்ரோஃபைபர் துணியை நான்காக மடித்து, ஒரு பக்கத்தால் பரப்பி, உலர்ந்த மறுபக்கத்தால் அழுத்தாமல் மெருகேற்ற வேண்டும். மிகுதியாகத் தெளித்தால் மிகுதியாகப் பளபளக்கும் என்றே தொடக்கத்தில் நானும் எண்ணினேன். மிஞ்சியது கைவலிதான்.

இத்தகைய மெழுகுகளில் கார்னாபா கலப்பதுண்டு. அது பிரேசிலின் வடகிழக்கில் வளரும், நம் பனைக்கு உறவான ஒரு மரத்தின் ஓலையிலிருந்து கிடைப்பது. வறண்ட காலத்தில் ஓலையின் ஈரம் வெளியேறாமல் காக்க அம்மரம் தானே சுரக்கும் மெழுகு அது. ஓலையை வெட்டி உலர்த்தி, அடித்து உதிர்த்து எடுக்கிறார்கள். மெழுகு பூசிய பரப்பில் மழைநீர் முத்துமுத்தாகத் திரள்வதைக் காணும்போதெல்லாம் எங்கள் ஊர்க் கண்மாயின் தாமரை இலைகளே நினைவுக்கு வரும். அங்கும் நீரை ஒட்டவிடாமல் உருட்டுவதில் மெழுகுக்குப் பங்குண்டு.

ஒருநாள் மாலை, புதிய கறுப்பு வண்டி ஒன்றை முடிக்கும் தறுவாயில் துணி கைநழுவித் தரையில் விழுந்தது. வேறு துணி எடுக்க உள்ளறைவரை நடக்க வேண்டும். பின்னால் மூன்று வண்டிகள் காத்திருந்தன. துணியைத் தொடையில் இருமுறை தட்டிவிட்டுத் தொடர்ந்தேன். இடப்பக்கக் கதவில் மயிரிழை போன்ற கீறல்கள் வளைந்து வளைந்து தோன்றின. மணல் ஒட்டியிருந்திருக்கிறது. மேலும் கொஞ்சம் மெழுகு தெளித்துத் தேய்த்தேன். கீறல்கள் மங்கின. உரிமையாளர் வந்து பார்த்து மகிழ்ந்து, என் கையில் ஐம்பது ரூபாய் வைத்துவிட்டுப் பணம் செலுத்த உள்ளே சென்றார்.

மேஸ்திரி அண்ணன் கைவிளக்கோடு வண்டியைச் சுற்றி வந்தார். இடப்பக்கக் கதவருகே நின்றார்.

“துணி கீழே விழுந்ததா, தம்பி?”

நான் பேசவில்லை.

“இந்த மெழுகு சில வாரம்தான் நிற்கும். அதற்குப் பிறகு அவர் கண்ணில் படும். அப்போது நாம் என்ன சொல்வது?”

கீறலைப் பாலிஷ் போட்டு நீக்கலாம். ஆனால், அது கீறலை நிரப்புவதில்லை. சுற்றியுள்ள பூச்சைக் கீறலின் ஆழத்திற்குத் தேய்த்துவிடுகிறது. நிறத்தின்மேல் இருக்கும் அந்தத் தெளிந்த பூச்சோ தலைமுடியின் பருமன்கூட இல்லாதது. புத்தம்புதிய வண்டியில் அதைக் குறைத்துவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அண்ணன் உள்ளே சென்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, என்னைப் பார்த்தபடி நின்றார். நானே போனேன். உரிமையாளர் கடிந்துகொண்டார். மறுநாள் அரைநாள் ஆயிற்று, அந்தக் கதவைச் சரிசெய்ய. கூலி என் சம்பளத்தில் கழிந்தது. வண்டியை எடுக்க வந்தவரிடம் ஐம்பது ரூபாயை நீட்டினேன். ஒன்றும் சொல்லாமல் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.