பாவித்த கிரீடம்

“காமன் உடுப்பு ஒரு செட். பாவித்தது. நல்ல நிலையில் உள்ளது. ஹட்டனுக்கு வந்து பார்க்கலாம்.”

கைபேசியில் வந்த விளம்பரம் இவ்வளவுதான். கீழே ஒரு கிரீடத்தின் படம். விலை 18,000 ரூபா. தைப்பொங்கல் முடிந்த வாரம், மழை விட்ட ஒரு காலையில், அந்தப் படத்தைத் தேடி டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குப் போனேன். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலியை 1,350 ரூபா என்று நிர்ணயித்தார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால், பதின்மூன்று நாள் கொழுந்து பறித்தாலும் அந்த விலை வராது. அவ்வளவு கொடுத்து ஒரு பழைய கிரீடத்தை யார் வாங்குகிறார்கள், யார் விற்கிறார்கள் என்று அறிய வேண்டியிருந்தது.

மலையகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கூத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர், காமன் கூத்து மூன்றும் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டு வருபவை. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை காணும்போது காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். ரதியும், மதன் என்கிற காமனும் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். இரண்டு வேடத்தையும் ஆண்களே போடுவார்கள். நேர்த்தி வைத்து வேடம் கட்டுகிறவர்களும் உண்டு. பௌர்ணமியை ஒட்டிய கடைசி இரவில், தவம் கலைந்த சிவன் நெற்றிக்கண் திறந்து காமனை எரிக்கிறார். ரதி புலம்புகிறாள். அந்தப் புலம்பலைக் கேட்டு, பகலெல்லாம் மலையில் நின்று களைத்த பெண்கள் வாய்விட்டு அழுவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். பிறகு காமன் உயிர்த்தெழுகிறான், ரதியின் கண்ணுக்கு மட்டும்.

நான் பிறந்த தோட்டத்தில் கூத்து நின்று நெடுங்காலமாகிறது. எங்கள் உடுப்புப் பெட்டி என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. அந்த ஏக்கத்தோடுதான் டிக்கோயாத் தோட்டத்து லயத்து வீட்டுப் படிகளில் ஏறினேன்.

கிரீடம் செய்த பெரியவர் முன்வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர், கவ்வாத்து வெட்டிக் காய்த்த கை. “மொதல்ல தேத்தண்ணி குடிங்க தம்பி, பொறவு பாக்கலாம்” என்றார். குடித்து முடித்ததும் மகனைக் கூப்பிட்டுப் பரணிலிருந்து பெட்டியை இறக்கச் சொன்னார்.

படத்தில் தங்கமாய் மின்னிய கிரீடம் நேரில் அடங்கிய நிறத்தில் இருந்தது. தூக்கிப் பார்த்தேன். பாரமே இல்லை. “மூங்கில் பத்தையில கூடு கட்டணும். அதுமேல கடதாசி ஒட்டணும், ஏழு எட்டு படலம். கோதுமை மா கிண்டின பசை. பசையில மயில்துத்தம் கலக்காட்டி பூச்சி அரிச்சிரும்” என்று ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுச் சொன்னார். ஒரு படலம் காய்ந்த பிறகுதான் அடுத்தது. இந்தக் குளிரில் அது காய இரண்டு மூன்று நாளாகும். ஒரு கிரீடத்துக்கு ஒரு மாதம் போய்விடும். அவரும் பெரட்டுக்குப் போய் வேலை முடித்து வந்து, இரவில்தான் இதைச் செய்திருக்கிறார்.

நெற்றிப் பட்டையில் பழைய வெள்ளித் தகடு போல ஒன்று ஒட்டியிருந்தது. என்னவென்று கேட்டேன். தேயிலைப் பெட்டியின் உட்தாள் என்றார். தேயிலை காகிதப் பைகளில் போகத் தொடங்குவதற்கு முன், பலகைப் பெட்டிக்குள் உலோகத் தாள் விரித்து அடைத்துத்தான் கப்பலேற்றினார்கள். ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) கழித்துப்போட்ட அந்தத் தாளை அவருடைய அப்பா மடித்து எடுத்துவந்து, விரல் நகத்தால் தேய்த்துச் சுருக்கம் நீக்கி, தன் கிரீடத்தில் ஒட்டினாராம். அந்தக் கிரீடம் உளுத்துப்போனபோது, தாளை மட்டும் உரித்து இதில் ஒட்டியிருக்கிறார் பெரியவர். ஆக, விற்பனைக்கு வந்திருந்த ‘பாவித்த’ கிரீடத்துக்குள்ளேயே இன்னொரு பாவித்த கிரீடம் இருந்தது.

கிரீடம் ஏன் இத்தனை குட்டை என்று கேட்டபோது எழுந்து நின்று காட்டினார். இஸ்தோப்புக் கூரை அவர் தலைக்கு மேல் ஒரு சாண்கூட இல்லை. ரதியும் மதனும் வீடு வீடாகப் போய் ஆட வேண்டும். வாசலில் குனிந்து விபூதி கொடுக்கும்போது கூரை தட்டக் கூடாது. பிரிட்டிஷ் துரைமார் கட்டிய லயத்தின் உயரம் மன்மதனின் மகுடத்தின் உயரத்தையும் தீர்மானித்திருக்கிறது. அந்தக் கைக்கணக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை. கிரீடத்தில்தான் இருக்கிறது.

புயக்கட்டை, மார்புப் பதக்கம், ஒட்டியாணம் என்று ஒவ்வொன்றாகப் பாயில் வைத்தார். கரும்பு வில் இல்லை. “வில்லு வருசா வருசம் புதுசு. அத விக்கிறது இல்ல, வாங்குறதும் இல்ல.” ரதியின் சேலையும் இல்லை. அது நேர்த்திக்கு வந்தது, கேட்டால் கொடுப்போம், காசுக்குத் தரமாட்டோம் என்றார். விற்கலாம் என்பதற்கும் விற்கக் கூடாது என்பதற்கும் நடுவே அவர் போட்டிருக்கும் கோடு தெளிவாக இருந்தது.

இந்தக் கைமாறல் புதிதில்லை என்பதும் அங்கேதான் தெரிந்தது. 1948இல் குடியுரிமைச் சட்டம் எங்கள் மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. பயணச் சீட்டு வந்த குடும்பங்கள் ஆடு, மாடு, அண்டா என்று கையிலிருந்ததை விற்றுக் கிளம்பின. “எங்க கூத்து மாஸ்டரும் போயிட்டாரு. போறப்ப கூத்துப் பெட்டிய எங்கப்பாகிட்ட குடுத்தாரு. சும்மா வாங்கக் கூடாதுன்னு எங்கப்பா அஞ்சு ரூவா குடுத்தாரு. ரெண்டு பேரும் அழுதாங்களாம்.” பெரியவருக்கு அதற்கு மேல் பேச வரவில்லை. எனக்கும் கேட்க வரவில்லை. அந்த ஐந்து ரூபாயை இன்றைய விளம்பரத்தின் 18,000 ரூபாயோடு வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே காரியத்துக்குக் கொடுக்கப்பட்ட காசுதான்: ஆட்டம் நிற்கக் கூடாது.

விளம்பரத்தைப் போட்டவர் பெரியவரின் பேரன். கொழும்பில் துணிக்கடையில் சில வருடம் வேலை பார்த்தவர். அங்கே 2015இல் தொடங்கிய லங்கா கொமிக் கொன் விழாவுக்கு நண்பர்களோடு போயிருக்கிறார். ஜப்பானியச் சித்திரக் கதை நாயகர்களாகவும் திரைப்பட வீரர்களாகவும் வேடம் கட்டி இளைஞர்கள் கூடும் இடம் அது. கொஸ்பிளே என்று பெயர். ஒருமுறை கட்டிய உடுப்பை அவர்கள் இணையத்தில் படம்போட்டு அடுத்தவருக்கு விற்று, அந்தக் காசில் அடுத்த வேடத்தைச் செய்கிறார்கள். “அதப் பாத்தப்பதான் எங்க பரண் ஞாபகம் வந்துச்சு அண்ணே. அவங்க ஒரு நாளைக்குக் கட்டுறாங்க. நாங்க தலைமுறையா கட்டுறோம். எங்க பெட்டி மட்டும் ஏன் பூஞ்சணம் புடிச்சுக் கெடக்கணும்?” என்றார்.

ஊருக்குத் திரும்பியவர் முதலில் தெரிந்த தோட்டங்களை வட்ஸ்அப்பில் சேர்த்தார். கூத்து நின்றுபோன தோட்டங்களில் உடுப்பு இருக்கிறது, ஆள் இல்லை. மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் திரும்பத் தொடங்க நினைக்கும் பிள்ளைகளிடம் ஆள் இருக்கிறது, உடுப்பு இல்லை. இரண்டையும் சேர்த்துவைக்கிறார். தமிழ் மொழித் தினப் போட்டிக்கு நாட்டுக்கூத்து பழக்கும் ஆசிரியர்களும் அவரிடம் கேட்டு வாங்குகிறார்கள். பொதி தனியார் பஸ்ஸில் போகிறது. நடத்துநரிடம் கூலியைக் கொடுத்து, பஸ் இலக்கத்தை அனுப்பிவிட்டால், எதிர்முனையில் ஒருவர் காத்திருந்து இறக்கிக்கொள்வார்.

இதில் ஏமாற்றும் உண்டு. முற்பணம் அனுப்பிப் பெட்டியே வந்து சேராத பிள்ளைகளை அவருக்குத் தெரியும். நானும் ஒருமுறை படத்தை நம்பிச் சலங்கையும் அங்கியும் வாங்கினேன். மின்விளக்கில் எடுத்த படத்தில் தெரியாத பூஞ்சணம் பிரித்ததும் மூக்கில் ஏறியது. வாங்க நினைப்பவர்களுக்கு அந்தத் தம்பி சொல்வது இதுதான்: பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் கேளுங்கள். கிரீடத்தின் உட்புறப் படத்தைக் கட்டாயம் கேளுங்கள். வெளியே புதுத் தாள் ஒட்டி மறைக்கலாம், உள்ளே மறைக்க முடியாது. தலைச்சுற்றை நூலால் அளந்து அனுப்புங்கள். முடிந்தால் நேரில் போய்த் தூக்கிப் பாருங்கள்.

உட்புறத்தைச் சரிசெய்யும் வேலை கொட்டகலைப் பக்கத்து அக்கா ஒருவருடையது. கொழுந்து பறித்து ஓய்ந்தவர், மிதி மெஷினில் தைக்கிறார். மாலையில் அவரிடமும் போனேன். கை மாறும் ஒவ்வொரு கிரீடத்துக்கும் வியர்வைப் பட்டையை உரித்துப் புதுப் பருத்தித் துணி வைக்கிறார். “ஆடினவன் வேர்வை அவனோட போகணும். புதுசா கட்டுறவனுக்குப் புதுத் துணி” என்றார். ஜரிகையைத் தண்ணீரில் போடுவதில்லை. நிழலில் காயவைத்துத் தூரிகையால் தட்டுகிறார். அறுந்த மணியை எடுத்துத் தனியாக முடிந்துவைக்கிறார், அடுத்த உடுப்புக்கு.

முன்பெல்லாம் உடுப்பு ஏன் கெடவில்லை என்பதையும் அந்த அக்காதான் விளக்கினார். பரணுக்குக் கீழே விறகு அடுப்பு எரியும். புகை ஏறி ஏறிப் பெட்டியைக் காயவைக்கும். இப்போது காஸ் அடுப்பு வந்துவிட்டது, கண் எரிச்சல் இல்லை, நல்லதுதான். ஆனால் பரணில் புகையும் இல்லை. மாதம் ஒருமுறை வெயில் காட்டாவிட்டால் நுவரெலியாப் பனி உடுப்பைத் தின்றுவிடும். அவர் தைத்த உடுப்புகள் எத்தனையோ தோட்டங்களில் ஆடியிருக்கின்றன. விளம்பரம் எதிலும் அவர் பெயர் இல்லை. கூலியும் கேட்டு வாங்குவதில்லை, கொடுத்ததை வாங்கிக்கொள்கிறார். அது சரியில்லை என்று பெரியவரின் பேரனிடம் சொன்னேன். அடுத்த உடுப்பிலிருந்து தைப்புக் கூலியை விலையிலேயே தனியாகக் காட்டுவதாக ஒப்புக்கொண்டார்.

அன்று பெரியவர் வீட்டில் நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே கிரீடம் விலைபோனது. இரண்டு தரப்பினர் கேட்டிருந்தார்கள். ஒருவர் சுற்றுலா விடுதிக்காரர். சுவரில் மாட்ட வேண்டுமாம், சொன்ன விலைக்கு மேல் தரத் தயார். மற்றவர்கள் மஸ்கெலியாப் பக்கத்து இளைஞர்கள் நான்கு பேர், நேரில் வந்திருந்தார்கள். கையில் 12,000 ரூபாதான் இருந்தது. பெரியவர் பேரனைப் பார்க்கவேயில்லை. இளைஞர்களில் ஒருவனை அருகே கூப்பிட்டு உட்காரவைத்தார். தலையில் துண்டை இறுக்கிக் கட்டி, அதன்மேல் கிரீடத்தை வைத்து, நாடாவை எந்தப் பக்கம் முதலில் இழுக்க வேண்டும், முடிச்சு காதுக்குப் பின்னால் எங்கே விழ வேண்டும் என்று காட்டினார். மூன்று முறை அவிழ்த்துக் கட்டச் சொன்னார். பிறகு, “இதுக்கு மொத தப்பு யாரு அடிக்கிறது?” என்று கேட்டார். தப்புக்காரர் இருக்கிறார் என்றார்கள். “அவருக்கும் கூலி சரியா குடுங்க. தப்பு இல்லாட்டி இது வெறும் கடதாசி” என்றார். கிரீடம் 12,000 ரூபாவுக்குப் போனது. மீதிப் பணம் கூத்து முடிந்த பிறகு.

தோட்டத்து மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. 1947 தேர்தலில் தலவாக்கலையில் வென்று நாடாளுமன்றம் போன அவர், பாட்டையும் எங்கள் உரிமையாகத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். பாட்டைத் தாளில் எழுதிக் காப்பாற்றலாம். உடுப்பை அப்படிக் காப்பாற்ற முடியாது. ஒரு உடம்பிலிருந்து இன்னொரு உடம்புக்குப் போனால்தான் அது பிழைக்கும். ஆகவே பாவித்த உடுப்பை விற்பதும் வாங்குவதும் வெட்கப்பட வேண்டிய காரியமே அல்ல. இணையம் அதற்கு ஒரு நல்ல வழி. உடுப்போடு கட்டும் முறையும் சேர்ந்து போக வேண்டும். செய்தவரின் கூலியும் போக வேண்டும். சுவருக்குப் போகாமல் பொட்டலுக்குப் போக வேண்டும்.

உங்கள் வீட்டுப் பரணில், கோயில் அறையில், பழைய மாஸ்டரின் பெட்டியில் ஒரு கிரீடமோ புயக்கட்டையோ இருந்தால், இந்த வாரமே இறக்கி வெயிலில் வையுங்கள். செய்தவர் யார், கட்டி ஆடியவர் யார் என்று கேட்டு, ஒரு துண்டுத் தாளில் எழுதி உள்ளே ஒட்டுங்கள். பிறகு ஆடப்போகிற பிள்ளைகளைத் தேடிக் கொடுங்கள். மாசிப் பிறைக்கு இன்னும் நாள் இருக்கிறது.